அரசலாற்றங்கரையில் பத்து நாள்

“பத்தே பத்து நாள் வந்து இருந்துட்டுப் போயேன்டி. அறுப்பு முடியற வரைக்கும்தான்” என்று அக்கா போனில் கேட்டாள்.

அக்கா யாரிடமும் எதையும் கேட்கிற சுபாவம் உள்ளவள் அல்ல. கல்யாணமாகிப் போன முப்பது வருஷத்தில் என்னிடம் ஒன்று வேண்டும் என்று வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. அப்படியும் எனக்கு உடனே ‘சரி’ என்று சொல்ல வரவில்லை. பிள்ளைக்குக் காலாண்டுப் பரீட்சை. இவருக்குக் காலை எட்டு மணிக்கு டிபன் டப்பா தயாராக வேண்டும். “பார்க்கிறேன் அக்கா” என்று இழுத்தேன். இவர்தான், “நாங்க ரெண்டு ஆம்பளைங்க பத்து நாள் சமாளிக்க மாட்டோமா? போயிட்டு வா” என்று டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார்.

2025 புரட்டாசி பிறந்த மறுநாள் இரவு, தாம்பரத்தில் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினேன். தஞ்சாவூர்ப் பக்கம் போகும் ரயிலுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! என் பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள். அப்பா, அம்மா ஊரில் நிலத்தோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் உழவன் எக்ஸ்பிரஸில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

விடியற்காலை கும்பகோணம். ஸ்டேஷனுக்கு வெளியே பித்தளை டவராவில் டிகிரி காபி. அதைக் குடித்த பிறகுதான் கண் திறந்தது. டவுன் பஸ்ஸில் அரை மணிப் பயணம். ஆற்றுப் பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது எட்டிப் பார்த்தேன். அரசலாறு இரு கரையும் தொட்டுக் கொண்டு செம்மண் நிறத்தில் ஓடிக் கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்து விட்டார்கள். ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்றங்கால். மஞ்சளும் பச்சையும் அடுத்தடுத்துப் பாய் விரித்த மாதிரி இருந்தது. இடையிடையே வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும். பட்டணத்தில் இருந்து வந்தவளுக்கு, ‘இங்கே இருப்பவர்களுக்கு என்ன கவலை இருக்க முடியும்?’ என்றுதான் தோன்றியது.

அரச மரத்தடியில் இறங்கி, தெருவுக்குள் நுழைந்தேன். திண்ணையில் மாமா உட்கார்ந்திருந்தார். அக்காவின் மாமனார், எனக்கும் அவர் மாமாதான். வெள்ளை வேட்டி, துண்டு, நெற்றியில் விபூதி. பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

“வாம்மா, வா. எந்த ஊரு? யார் வீட்டுப் பொண்ணு?” என்றார்.

என் கல்யாணத்தில் முன் நின்று பந்தி விசாரித்தவர் அவர்!

பதினைந்து மா நிலமும் ஒரு மனிதரும்

மாமாவுக்கு அப்போது 79 வயது. பதினைந்து மா நிலம், அதாவது ஐந்து ஏக்கர். 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தபோது, ஊரில் பலர் தயங்க, தம் அப்பாவிடம் அடம் பிடித்து நட்டவர் என்று அத்தான் பெருமையாகச் சொல்வார். எந்த வயலுக்கு எந்த மடை, எந்த மடையில் எத்தனை நாழிகை தண்ணீர் பாயும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மனப்பாடம் கலைய ஆரம்பித்தது. நடவுக்கு வந்தவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு தடவை கூலி கொடுத்தார். காலையில் யூரியா போட்ட வயலிலேயே மாலையில் மறுபடி போட்டார். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க் கடனுக்குப் போட்ட கையெழுத்து, பழைய கையெழுத்தோடு ஒத்துப் போகவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் தாமே ஒளித்து வைத்துவிட்டு, வேலைக்காரப் பெண் எடுத்துவிட்டதாகச் சண்டை போட்டார். பாவம், அந்தப் பெண் அழுதுகொண்டே நின்றுவிட்டாள்.

டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். “வயசாச்சில்லே, அப்படித்தான் இருக்கும்” என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அதை நம்பி ஒன்றரை வருஷம் போய்விட்டது.

நான் மட்டும் என்ன செய்தேன்? போனில் வைத்தியம் சொன்னேன். “வல்லாரைத் துவையல் அரைச்சுக் கொடு அக்கா. பாதாம் ஊற வெச்சுக் கொடு. குறுக்கெழுத்துப் போடச் சொல்லு.” போதாதற்கு இரண்டு பாக்கெட் வல்லாரைப் பொடி வேறு கூரியரில் அனுப்பினேன். போன அன்று சமையலறை அலமாரியில் பார்த்தேன். இரண்டும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. வல்லாரைத் துவையல் நாக்குக்கு நல்ல பதார்த்தம்தான். ஆனால் இந்த வியாதிக்கு அது மருந்தாகாது என்பதைப் பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் ஒரு நாள்

முதல் இரண்டு நாள் அக்காவின் பின்னாலேயே சுற்றினேன். நாலரை மணிக்கு எழுந்திருக்கிறாள். வாசல் தெளித்து, மாடு கறந்து, மாமாவைக் கொல்லைக்கு அழைத்துப் போய், பல் தேய்க்க வைத்து, வெந்நீர் ஊற்றி... ஒவ்வொன்றையும் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்ல வேண்டும். “குளிங்க மாமா” என்று மொத்தமாகச் சொன்னால் திகைத்து நிற்கிறார். “துண்டை எடுங்க... இங்கே உட்காருங்க... சொம்பைப் பிடிங்க” என்றால் செய்கிறார்.

இதற்கு நடுவே அறுப்பு ஆட்களுக்குச் சாப்பாடு. அறுவடை மிஷின் எப்போது வருமோ தெரியாது. வந்தால் ராத்திரி பத்து மணியானாலும் வயலில் ஆள் வேண்டும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிக் காத்திருக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அதனால் அத்தான் இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி அங்கேயே படுத்துவிடுவார். ஆபீஸ் உத்தியோகம் என்றால் லீவு போடலாம். பயிருக்கு லீவு உண்டா?

பட்டணத்து வீட்டில் இல்லாத அபாயங்கள் விவசாய வீட்டில் உண்டு என்பதை அங்கேதான் பார்த்தேன். கொல்லையில் கிணறு. மோட்டார் கொட்டகையில் மூன்று பேஸ் கரண்டு. இறவாணத்தில் செருகிய அரிவாள். எல்லாவற்றையும் விடப் பயங்கரம் பூச்சி மருந்து. போன வருஷம், மிச்சமான களைக்கொல்லியை யாரோ ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றித் திண்ணை மாடத்தில் வைத்திருக்கிறார்கள். மாமா அதைத் திறந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாராம். அக்கா மோர் கொண்டு வந்ததால் பார்த்தாள்.

“அந்த அஞ்சு நிமிஷம் நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தா...?” என்று அவள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்றைக்கே மருந்துகளை எல்லாம் மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டார்கள். வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் மாட்டு மணி கட்டினார்கள். கதவு அசைந்தால் மணி கேட்கும். மாமாவின் அரைஞாண் கயிற்றில் ஒரு சின்னத் தகடு. அதில் அத்தானின் போன் நம்பர். சட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவார், அரைஞாண் கயிற்றைக் கழற்ற மாட்டார் என்பது அக்காவின் யோசனை. எந்த டாக்டர் சொல்லிக் கொடுத்தார் இதை?

விளக்கு வைக்கும் நேரம்தான் கஷ்டம். பொழுது சாய்ந்தால் மாமாவுக்கு இருப்புக் கொள்ளாது. “வீட்டுக்குப் போகணும்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். பிறந்து வளர்ந்த வீட்டில் நின்றுகொண்டு! முதல் நாள் நான், “இதுதானே மாமா உங்க வீடு” என்று எடுத்துச் சொன்னேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. அக்கா ஒன்றும் பேசாமல், “வாங்க மாமா, போகலாம்” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அரச மரம் வரை நடந்தாள். பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. திரும்பி வந்து வாசலில் நின்று, “வீடு வந்தாச்சு மாமா” என்றாள். “அப்பாடா!” என்று உட்கார்ந்துகொண்டார். தினமும் இதே கூத்துதான்.

அத்தை போய் ஆறு வருஷம் ஆகிறது. “எங்கே அவளைக் காணோம்?” என்று தேடுவார். ஆரம்பத்தில் அக்கா உண்மையைச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்ட மாதிரி மாமா தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். இப்போதெல்லாம், “அத்தை வத்தக்குழம்பு வெச்சா எப்படி மாமா இருக்கும்?” என்று பேச்சை மாற்றுகிறாள். அவரும் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

நான் செய்த தப்பு

ஐந்தாம் நாள் ராத்திரி. அத்தான் கொள்முதல் நிலையத்தில். அக்கா அன்று நாற்பது பேருக்கு வடித்துக் கொட்டியிருந்தாள். “நீ தூங்கு அக்கா, மாமாவை நான் பார்த்துக்கறேன்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ரேழியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டேன்.

நடுச்சாமத்தில் கொல்லைக்குப் போய் வந்தேன். வரும்போது மணி சத்தத்தில் அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று மணியைக் கழற்றித் திண்டில் வைத்தேன். மறுபடி மாட்டவில்லை. தாழ்ப்பாளும் போடவில்லை. தூக்கக் கலக்கம்.

விழிப்பு வந்தபோது மணி மூன்றரை. கட்டில் காலி. கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. மூலையில் சார்த்தியிருந்த மண்வெட்டியையும் காணோம்.

சகோதரிகளே, அந்த நிமிஷத்தை எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது. நூறு கெஜத்தில் வாய்க்கால். அதைத் தாண்டினால் கரை புரண்டு ஓடும் ஆறு. என் வாயில் வார்த்தையே வரவில்லை. அக்காவைத் தொட்டு எழுப்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பின்பக்கக் கதவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஆளுக்கொரு டார்ச்சோடு ஆற்றங்கரைப் பக்கம் ஓடினார்கள். அக்கா மட்டும் நேர் எதிராக, வடக்கே பார்த்து நடந்தாள். “மண்வெட்டியை எடுத்துட்டுப் போயிருக்காருடி. ஆத்துக்குப் போகலே. மடை திறக்கப் போயிருக்கார்.”

வரப்பில் எனக்கு நடக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன். கால் மைல் போனதும் ‘சதக்... சதக்...’ என்று சேற்றை வெட்டும் சத்தம் கேட்டது. முழங்கால் ஆழத் தண்ணீரில் மாமா நின்றுகொண்டிருந்தார். அது இப்போது அவர்கள் நிலம்கூட இல்லை. மகள் கல்யாணத்துக்காக இருபத்தைந்து வருஷத்துக்கு முன் விற்ற மூன்று மா.

“தண்ணி முறை இன்னிக்கு நமக்கு. விட்டா பள்ளத்தான் மடைக்குப் போயிடும்” என்றார், எங்களைப் பார்த்து.

“ஆமா மாமா. நல்லாப் பாஞ்சிடுச்சு பாருங்க. மடையை அடைச்சுடலாமா?” என்றாள் அக்கா. தானும் தண்ணீரில் இறங்கி, அவரோடு சேர்ந்து இரண்டு வெட்டு மண் போட்டாள். “முடிஞ்சுது. வாங்க, காபி சாப்பிடலாம்.”

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்த திருப்தியோடு மாமா முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலத்துக்காரர் வரப்பில் எதிரே வந்தார். அவருடைய மடை வெட்டப்பட்டிருக்கிறது. கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பயந்தேன். “பெரியவரைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்கம்மா. மடையை நான் சரி பண்ணிக்கறேன்” என்றார். இது முதல் தடவை இல்லையாம்.

வீட்டுக்கு வந்து மாமாவுக்குக் கால் கழுவி, காபி கொடுத்துப் படுக்க வைத்த பிறகு, சமையலறையில் அக்காவின் காலைப் பிடிக்காத குறையாக அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீயாவது மறந்துதான் போனே. நான் ஒரு நாள் அவரைக் கையால அடிச்சிருக்கேன்டி. நாலு தடவை உடம்பு கழுவி விட்ட அன்னிக்கு, அஞ்சாவது தடவை... பளிச்சுனு புறங்கையில ஒண்ணு வெச்சுட்டேன். அவர் என்னை ‘அம்மா’ன்னு கூப்பிட்டு அழுதார். அந்தப் பாவத்தை எந்த ஆத்துல முழுகித் தீர்ப்பேன்?”

என் அக்கா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக அவள் ஊரை விட்டு வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. திருச்சியில் மகள் பிள்ளை பெற்றபோது, போய்ப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே திரும்பிவிட்டாளாம்.

தஞ்சாவூரில் டாக்டர் சொன்னது

ஏழாம் நாள் மாமாவுக்குத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் காட்டும் முறை. வாடகைக் காரில் போனோம். பாபநாசம், அய்யம்பேட்டை என்று வழியெல்லாம் வயல்தான். என் பெயர் தெரியாத மாமாவுக்குப் பயிர் தெரிந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, “இது பூட்டை விட்டிருக்கு... இதுக்கு ஒரு தண்ணி வேணும்... இது நாளைக்கு அறுக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் அசந்து போய்விட்டார்.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். நம் வாசகியருக்கு உபயோகப்படும் என்று, கேட்டதைச் சொல்கிறேன்.

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. சாவி எதற்கு என்பதே மறந்தால் அது வியாதி. இதை ‘டிமென்ஷியா’ என்கிறார்கள். மூளையின் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது. இதில் அதிகம் காணப்படுவது அல்சைமர் வியாதி. 1906-ல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் முதலில் எடுத்துச் சொன்னது. அவர் பார்த்த நோயாளி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு குடும்பப் பெண். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டும் இது வரலாம்.

ஆனால் எல்லா மறதியும் இதுவல்ல. தைராய்டு குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டுவது ஆகியவையும் இதே மாதிரி தோன்றும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால்தான் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யச் சொல்கிறார்கள். அல்சைமருக்குப் பூரண குணம் தரும் மருந்து இல்லை. சிலருக்குச் சில காலம் மறதியை மட்டுப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம், கண் மங்கல் இவற்றை நடுத்தர வயதிலேயே கவனித்தால் இந்த வியாதி வரும் வாய்ப்புக் குறையும்.

2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், மொத்தம் சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த வியாதி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகமாம். கிராமத்துக் காற்று எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

கடைசியில் டாக்டர் அக்காவுக்கும் ரத்தக் கொதிப்புப் பார்த்தார். 170-க்கு 100. “உங்க மாமாவுக்கு எழுதற மருந்தைவிட உங்களுக்கு எழுதற மருந்துதான் முக்கியம். மாத்திரை ஒண்ணு. வாரத்துல ஒரு நாள் ஓய்வு ஒண்ணு” என்றார். “நீங்க விழுந்தா இவரை யார் பார்ப்பாங்க?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

எட்டாம் நாள்

மறுநாள் காலை அக்காவிடம், “நீ இன்னிக்கு டவுனுக்குப் போயிட்டு வா. மாமாவை நான் பார்த்துக்கறேன்” என்றேன். சொல்லும்போதே வயிற்றைப் பிசைந்தது. என்னை நம்பி விடுவாளா?

அக்கா மணியை எடுத்துக் கதவில் மாட்டினாள். ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். “பதினொரு மணிக்கு மோர் கொடு. ஏதாவது கையில வேலை கொடுத்துடு” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

மிஷின் அறுத்த வைக்கோல் நொறுங்கிவிடும்; அதில் பிரி திரிக்க முடியாது. அதற்காகவே ஒரு மூலையைக் கையால் அறுக்கச் சொல்லி, நீள வைக்கோலாகக் கட்டி வைத்திருந்தாள் அக்கா. அதில் ஒரு கட்டைப் பிரித்து மாமாவின் முன் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்தேன். அவ்வளவுதான்! கை தானாக வேலையை எடுத்துக்கொண்டது. பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர், பிரியின் முறுக்கு ஓரிடத்தில்கூட நெகிழாமல் திரித்துக்கொண்டே போனார். வைக்கோலை எடுத்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. சோம்பினால் அதட்டல் வேறு! மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

அக்கா சாயங்காலம் வந்தாள். கும்பேஸ்வரர் கோயிலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து ரவா தோசையும் காபியும் சாப்பிட்டாளாம். இரண்டு ரவிக்கைத் துணி வாங்கியிருந்தாள். தலை நிறைய மல்லிகை. அவள் முகத்தைப் பார்த்தபோது, இதற்கு நான் இரண்டு வருஷம் முன்பே வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அன்று ராத்திரி பெங்களூரில் இருக்கும் அக்காவின் கொழுந்தனாருக்கு நானே போன் போட்டேன். மாதாமாதம் பணம் ஒழுங்காக அனுப்புகிறவர்தான். “அப்பாவை இங்கே கூட்டிட்டு வந்துடட்டுமா?” என்றார். “வேண்டாம் தம்பி. பழகின இடத்தை விட்டா அவருக்கு இன்னும் குழப்பம்தான். நீங்க வாங்க. தீபாவளிக்கு வந்து பத்து நாள் இருங்க. அக்கா மகள் வீட்டுக்குப் போயிட்டு வரட்டும்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “வர்றேன் அக்கா” என்றார். வந்தார் என்பதையும் இங்கே சந்தோஷத்தோடு சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் திணறிப் போய், மூன்றாம் நாள் மனைவியையும் வரவழைத்துக்கொண்டாராம்!

இப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்தால்...

* போனில் வைத்தியம் சொல்லாதீர்கள். அறுப்பு, நடவு என்று கை ஒழியாத நாட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தச் சமயத்தில் போய் இருங்கள்.

* பூச்சி மருந்தை ஒருபோதும் குடிக்கும் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம். பூட்டி வையுங்கள். கிணற்றையும் மோட்டார் கொட்டகையையும் அப்படியே.

* டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், கோயில் குருக்கள், பக்கத்து வயல்காரர் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மறைப்பதற்கு இதில் வெட்கம் ஒன்றுமில்லை. அக்கா ஊரில் சொல்லி வைத்ததால்தான் டார்ச்சோடு அத்தனை பேர் ஓடி வந்தார்கள்.

* பட்டா, பாங்க் கணக்கு, பயிர்க் கடன் எல்லாம் பெரியவர் பெயரில் இருக்கும். புத்தி தெளிவாக இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, நாமினி, உயில் முதலியவற்றை ஒழுங்கு செய்துவிடுங்கள். வியாதி முற்றிய பிறகு யார் நீட்டும் காகிதத்திலும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

* கொதிப்பு, சர்க்கரைக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. அந்தப் பெண் ஊழியரிடம் கவனித்துக்கொள்பவரின் கொதிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* மனம் தாங்காமல் போனால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.

* கோபம் வந்து கை ஓங்கும்படி ஆகிவிட்டால், கதவைச் சாத்தி, மணியை மாட்டிவிட்டு, ஐந்து நிமிஷம் கொல்லையில் போய் நில்லுங்கள். இது அக்கா எழுதச் சொன்னது.

பத்தாம் நாள் கிளம்பினேன். அக்கா ஒரு மூட்டை புது அரிசியும் வாழைத்தாரும் கட்டிக் கொடுத்தாள். மூட்டை வாய் அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று. திண்ணையில் இருந்து மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்தார். தாம் திரித்த பிரியில் ஒரு துண்டை எடுத்து, மூட்டையின் வாயை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

“சென்னைப் பட்டணம் வரைக்கும் அவிழாது. பத்திரமாப் போயிட்டு வாம்மா” என்றார்.

நான் சென்னை என்பது எப்படித்தான் ஞாபகம் இருந்ததோ! “வர்றேன் மாமா” என்று காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

“நல்லா இரு. ஆமா, நீ யார் வீட்டுப் பொண்ணு?” என்றார்.

“உங்க வீட்டுப் பொண்ணுதான் மாமா” என்றேன்.

தை அறுப்புக்கு வருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதே காலண்டரில் குறித்தும் வைத்துவிட்டேன்.